கணினி இருக்கத் தமிழாசிரியர் எதற்கு?



தமிழாசிரியர் பணிக்குப் போகலாமா என்று கேட்டு வரும் இளையோர் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு. தொடக்கக் கல்லூரித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் இக்கேள்வி பெரும்பாலும் எழும். முன்பெல்லாம் அவர்கள் கேட்டது, "தமிழ் மட்டும் கற்பித்தால் பணியில் உயர்வு உண்டா?" என்பது. இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கேள்வி மாறிவிட்டது. "இன்னும் பத்தாண்டில் இந்த வேலை இருக்குமா?" என்கின்றனர். கட்டுரை எழுதித் தரும், பிழை திருத்தும், செய்யுளுக்குப் பொருள் சொல்லும் செயலி கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு, வகுப்பறையில் ஒரு மனிதரை ஊதியம் கொடுத்து நிறுத்துவார்களா என்பது அவர்களுடைய ஐயம். நியாயமான ஐயம்தான். சிரித்து ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இதற்கு விடை சொல்லப் புகும்போது, சிங்கையில் தமிழைக் கணினிக்குள் கொண்டு சென்றவர்களில் முன்னவர் ஓர் ஆசிரியர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி அவர்களைத்தான் சொல்கிறேன். சிறுகதை எழுத்தாளராகவும் அறியப்பட்ட அவர் 'கணியன்' என்ற பெயரில் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகை முறையையும் உருவாக்கினார். நான்கு மொழிகளிலும் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளத்தை 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழ்க் கவிதைகள் திரையில் தெரிந்ததற்கு அவருடைய உழைப்பே காரணம். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடக்க முன்னின்றவரும் அவரே. 1999இல் மறைந்தார். உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், அதற்கு அடுத்த ஆண்டு இங்கே நடந்த மாநாட்டில்தான் உருவாயிற்று. கணினியைக் கண்டு அஞ்சியவர்கள் தமிழாசிரியர்கள் என்று யாரேனும் சொன்னால், நான் இந்தப் பெயரை நினைவூட்டுவது வழக்கம்.

ஆனால் பெருமை பேசிக்கொண்டே இருந்தால் கேட்க வந்த பிள்ளைக்கு விடை கிடைக்காது.

1997இல் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பத்திற்கான முதல் பெருந்திட்டத்தை அறிவித்தது. சுமார் 200 கோடி வெள்ளிச் செலவு. பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழி அமைய வேண்டும் என்பது இலக்கு. ஆங்கிலம், கணிதம் கற்பித்தவர்களுக்கு அது புதிய கருவி. தமிழாசிரியருக்கோ அது புதிய கருவியாக மட்டும் வரவில்லை, கூடுதல் தலைவலியாகவும் வந்தது. வீட்டில் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த பயிற்சித்தாள், பள்ளிக் கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகக் காட்சியளிக்கும். இந்த மென்பொருளுக்கு ஒரு குறியீடு, அந்த மென்பொருளுக்கு வேறொரு குறியீடு. புதிய எழுத்துருவை நிறுவ அனுமதி வாங்குவதற்குள் அந்தப் பாடமே முடிந்துவிடும். விண்டோஸ் 2000 வந்து, ஒருங்குறி மெல்ல மெல்லப் பரவிய பிறகே இத்தொல்லை தணிந்தது. இன்று பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியரிடம் இதைச் சொன்னால், போர்க்காலத்து மரவள்ளிக்கிழங்குக் கதையைக் கேட்பதுபோல் கேட்கிறார்.

அக்காலத்தில் நல்ல புலமையுடைய மூத்த ஆசிரியர் சிலர் பணியை விட்டு விலகியதையும் கண்டிருக்கிறேன். நன்னூலும் திருக்குறளும் நாவில் இருக்கும். கரும்பலகையில் அவர்கள் எழுதும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால், வாரந்தோறும் கணினிவழிப் பாடம் எத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்தபோது, "இது எனக்கு வேண்டாமப்பா" என்று ஒதுங்கிக்கொண்டனர். அவர்களோடு போனதை எந்தத் திட்டமும் ஈடு செய்யவில்லை என்பது என் கருத்து. தொழில்நுட்பம் ஒரு பணிக்கு ஆட்களை ஈர்க்கும் என்று பேசுகிறோம். யாரை வெளியே அனுப்பியது என்று பேசுவதில்லை.

பணிக்கு வர எண்ணுவோர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. கருவிகள் வேலையைக் குறைக்கும் என்பது பெரிய மொழிகளுக்கே பொருந்தும். ஆங்கில ஆசிரியர் ஒருவர் தேடினால் ஆயிரம் காணொளி கிடைக்கும், அவற்றுள் நல்லதைத் தெரிவு செய்வதே அவர் வேலை. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு ஏற்ற தமிழில், அடுக்குமாடி வீடும் ஈரச்சந்தையும் எம்ஆர்டி நிலையமும் வரும் கதை வேண்டுமென்றால், நாமே எழுதி, நாமே படம் தேடி, நாமே குரல் கொடுக்க வேண்டியுள்ளது. பல பள்ளிகளில் தமிழாசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆகவே பங்கிட்டுக்கொள்ளவும் ஆளில்லை. சிம் லிம் ஸ்கொயருக்கு நடந்து சென்று ஒலிவாங்கி வாங்கி, திரும்பும் வழியில் தேக்காவில் காய்கறியும் வாங்கிக்கொண்டு, இரவு குழந்தைகள் உறங்கிய பிறகு அலமாரிக்கு அருகில் அமர்ந்து பாட்டியின் குரலிலும் குரங்கின் குரலிலும் மாறிமாறிப் பேசிப் பதிவு செய்த தமிழாசிரியர் நான் ஒருவன் மட்டுமல்லன்.

இவ்வளவும் சொன்னதால் தொழில்நுட்பத்தை நான் வெறுப்பவன் என்று எண்ணிவிட வேண்டா. அது கற்பித்தலுக்குத் தந்த சில நன்மைகள் நாம் எதிர்பார்த்தவையே அல்ல. தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 'க'வை அழுத்தி 'ஈ'யை அழுத்தினால் 'கீ' வருகிறது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று கரும்பலகையில் வாரக்கணக்கில் விளக்கியதை ஒரு சிறுவன் தன் விரலாலேயே கண்டுபிடிக்கிறான். அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் 'அம்மா' என்று புள்ளி தானாக வந்து அமர்கிறது. 'ங'வை அடுத்து 'க'வை அழுத்தினாலும் அப்படியே. இன எழுத்து இலக்கணம் அங்கே இயந்திரத்துக்குள் இருக்கிறது. ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு இந்த அனுபவம் கிட்டுவதில்லை. அவன் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழைப் பெறுகிறான். ஆனால் லகர, ளகர, ழகரங்களுக்குத் தனித்தனி விசை தேட வேண்டியிருப்பதால், எது எந்த எழுத்து என்று ஒரு நொடி நின்று யோசிக்கவாவது செய்கிறான். கைப்பேசி முழுச் சொல்லையும் முன்கூட்டியே நீட்டத் தொடங்கிய பிறகு அந்த ஒரு நொடியும் போய்விட்டது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8 முதல் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018இலேயே மாணவர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால் பாடம் அனுப்புவது பெரிய துன்பமாக இல்லை. அடுத்த ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனமும் கிடைத்தது. ஆனால் எனக்குப் புதிதாகத் தெரிந்தது கருவியைப் பற்றியதன்று. திரையில் சிறுசிறு சதுரங்களாக வீடுகள் தெரிந்தன. அவற்றிலிருந்து வந்த ஒலிகளைக் கேட்டேன். பின்னால் தாத்தா தமிழில் யாரையோ கூப்பிட்ட வீடு ஒன்றோ இரண்டோ. மற்ற வீடுகளில் பெற்றோர் பிள்ளையிடம் பேசியது முழுவதும் ஆங்கிலம். அதே 2020இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களுள் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் என்று கூறியது. அந்த எண்ணிக்கையை நான் சதுரம் சதுரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து தமிழாசிரியர் பணியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பல பிள்ளைகளுக்கு ஒரு நாளில் தமிழில் பேசக் கிடைக்கும் ஒரே பெரியவர் நாம்தான். 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தபோது நம்முள் பலர் முகம் சுளித்தனர். எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்றனர். இப்போது எண்ணினால், அக்குழு சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. இயந்திரம் தருவது பெரும்பாலும் எழுத்துத் தமிழ். 'இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் காட்சி' என்று பிழையில்லாமல் எழுதித் தருகிறது. சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் விடுமுறையைப் பற்றி அப்படியொரு கட்டுரை கொண்டு வந்தான். நான் மதிப்பெண் இடாமல், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உன் தாத்தா பஃப்ளோ சாலையில் கடை வைத்திருந்தார் என்றாயே, அங்கே என்ன விற்றார்?" என்று கேட்டேன். திக்கித் திணறி, பாதி ஆங்கிலம் கலந்து, வெற்றிலையைப் பற்றியும் ஈரச் சாக்கைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினான். 'சாக்கு' என்ற சொல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பத்து நிமிடமே அன்றைய பாடம்.

தேர்வும் இதையே கேட்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். 2017 முதல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சி வந்துவிட்டது. பிள்ளை திரையில் ஒரு காட்சியைப் பார்க்கிறான். பிறகு உரையாடுவது எதிரே அமர்ந்திருக்கும் தேர்வாளரிடம்.

சில மாதங்களுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருவர் தம் தந்தையுடன் என்னைக் காண வந்தார். அவருக்கு இப்பணியில் விருப்பம். தந்தை பொறியாளர், மரியாதையாகவே பேசினார். "சார், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இவளுக்கு வயது பத்தொன்பது. இவளுக்கு நாற்பது வயது ஆகும்போது இந்த வேலையை மெஷின் செய்யும். அப்போ இவ எங்கே போவா?" என்றார். நான் அவரிடம் உறுதிமொழி எதுவும் தரவில்லை. நம் கையிலிருந்து போகக்கூடியவற்றைச் சொன்னேன்: பயிற்சித்தாள் தயாரித்தல், சொற்பொருள் தேடித் தருதல், எழுத்துப் பிழைக்கு வட்டமிடுதல். போனால் போகட்டும், அவற்றுக்காக யாரும் ஆசிரியராவதில்லை. தமிழ் படிக்கும் வழி குறுகியதென்று அவர் எண்ணியிருந்ததால், 2006 முதல் இங்கேயே பணிபுரிந்துகொண்டு தமிழில் இளங்கலைப் பட்டம் பெற வழியிருக்கிறது என்பதையும், அப்போது யூனிசிம் என்றிருந்தது இன்று சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்பதையும் சொன்னேன்.

மாணவியிடம் தனியே வேறொன்று சொன்னேன். கணினியில் தமக்குள்ள திறமையை நம்பி மட்டும் இப்பணிக்கு வருவதாயின் வர வேண்டா என்றேன். அத்திறமை மூன்றாண்டில் பழசாகிவிடும். தமிழே வராத பிள்ளை ஒன்று அரைகுறையாக ஒரு வாக்கியம் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்க முடியுமா, அந்த மௌனத்தைத் தாங்க முடியுமா என்பதைத் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். பட்டப்படிப்பைத் தொடங்குமுன் சில மாதம் நிவாரண ஆசிரியராகப் பணியாற்றினால் அது தெரிந்துவிடும். பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு ஒரு பிற்பகல் சென்று, தம் பள்ளியில் தமிழ் இல்லாததால் அங்கே வந்து படிக்கும் பிள்ளைகள் பேருந்திலிருந்து களைத்து இறங்கி வருவதைப் பார்க்குமாறும் கூறினேன்.

அவர் இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் நிவாரண ஆசிரியராக இருக்கிறார். முதல் வாரத்தில் வகுப்பறைத் திரை இயங்கவில்லையாம். பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை வைத்தே அரை மணி நேரம் பேச வைத்தாராம். தந்தை மட்டும் இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை.