ஹெப்பகோடியில் ஒரு பாட்டுப் படம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருவது ஹெப்பகோடி. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற மெட்ரோ மஞ்சள் தடத்தின் 16 நிலையங்களுள் கடைசிக்கு முந்தியது இதுவே. அடுத்தது பொம்மசந்திரம், தொழிற்பேட்டை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நம்மவர் இங்கே ஒற்றையறை வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுள் பெண்மணிகள் பலர் கார்மெண்ட்ஸ் வேலைக்குச் செல்வோர்.

அத்தகையதொரு தாயின் மகள், கல்லூரி மாணவி, தையலைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள். தோழர் நால்வர் அதைப் படமாக்க முன்வந்தனர். கைம்முதல் இரண்டு கைப்பேசிகள், ஓர் ஒலிபெருக்கி, சங்கத்தார் தந்த 1,850 ரூபாய். பெரியவர் துணை வேண்டுமென்று அழைத்ததால் நாமும் ஒரு ஞாயிறு விடியலில் அங்குச் சென்றோம்.

பணமில்லாதவனுக்குத் திட்டமே பணம். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கிய 1952இல், நாணற்பூ வெளியில் ஒருநாள் படம் பிடித்தார். மறுவாரம் சென்றபோது பூக்களை மாடுகள் தின்றுவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும் பருவத்திற்காக அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஓரிடத்துக் காட்சிகள் அனைத்தையும் ஒரே நாளில் முடிப்பதென்று நோட்டுப் புத்தகத்தில் வரிசையிட்டனர்.

பாட்டின் நடுவே இரயில் வரவேண்டுமென்பது அவர்கள் ஆசை. அருகிலுள்ள ஹீலலிகே நிலையத்தின் வழியாகத்தான் ஓசூர், தருமபுரி, சேலம் வண்டிகள் செல்கின்றன. ஊருக்குப் போகும் வழியன்றோ! ஆயினும் அனுமதியின்றி நிலையத்துள் படமெடுத்தல் ஆகாது. தண்டவாளத்தில் இறங்குதல் 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். இரயில்வே எழுத்தராகிய நாம் இதில் இளகவில்லை. வேலிக்கு வெளியே, சாலையோரம் நின்று கடந்து செல்லும் வண்டியின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொண்டனர்.

பெரிய சிக்கல் வேறொன்று. தொழிற்சாலை வாயிலில் தாயை நிறுத்திப் படமெடுக்க எண்ணியிருந்தனர். அம்மையார் கைகூப்பினார்: "முகம் வேண்டாம் தம்பி. சூப்பர்வைசர் பார்த்தால் வம்பு. கையை வேண்டுமானால் எடுத்துக்கொள்."

அந்த அச்சத்தை அற்பமென்று தள்ளலாகாது. 2016இல் வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க இயலாதென்று விதி வந்தபோது, இவ்வூர்ச் சாலையெங்கும் கார்மெண்ட்ஸ் தொழிலாளர் திரண்டனர். ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெருங்கிளர்ச்சி. ஹெப்பகோடிக் காவல் நிலையத்தருகே வண்டிகள் எரிந்தன. 19ஆம் தேதியே மத்திய அரசு அவ்விதியைக் கைவிட்டது. அம்மையார் பின்னர் அந்தத் தொழிற்சாலையை விட்டு நின்றபோது எடுத்த அந்நிதிதான் மகளின் கல்லூரிக் கட்டணமாயிற்று. இன்று வேறோர் இடத்தில் வேலை. அதை ஒரு பாட்டுக்காக இழக்க இயலுமா?

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தில் 'வாயில்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'கை' என்று எழுதினாள்.

வீட்டு ஓனரம்மா கன்னடத்தார். மொட்டை மாடியைத் தந்ததோடு, தையல் இயந்திரத்தை மேலே ஏற்றவும் ஒரு கை கொடுத்தார். வெயில் உச்சிக்கு ஏறினால் கண்குழியில் நிழல் விழும். ஆகவே ஒன்பது மணிக்குள் முடிக்கவேண்டும். ஒருவன் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, அதில் பட்ட ஒளி மாணவியின் முகத்தில் மென்மையாய்ப் படர்ந்தது. முன்பே பதிவாகியிருந்த பாட்டை ஒலிபெருக்கி பாடியது. அவள் உடன் வாயசைத்தாள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒருவன் கைதட்டினான். தட்டும் கையும் அதன் ஓசையும் ஒன்றுபடுமாறு பின்னர்ப் பொருத்தினால், உதடும் பாட்டும் பிசகா.

செலவு 1,620 ரூபாய். அதிற் பாதி சிற்றுண்டிக்கு. மிச்சம் 230 ரூபாயைச் சங்கத்தில் திருப்பித் தந்தனர்.

படத்தில் தாயின் முகம் இல்லை. ஊசி குத்திய தழும்புள்ள விரல்கள் துணியைத் தள்ளிச் செல்கின்றன. இரயிலோசையும் இயந்திர ஓசையும் ஒன்றாய்க் கலக்கின்றன. யார் கை என்று கேட்கத் தேவையின்றி ஹெப்பகோடியில் பலரும் அறிவர்.

நம் இல்லங்களிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. அன்பர்கள் அவர்களுக்குக் கருவி வாங்கித் தர இயலாவிடினும், ஒரு மாடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தந்துதவுவார்களாக.