ஆடிக்கூழின் ஊட்டம்

ஆடி முதல் நாள் யாழ்ப்பாணத்தவர்க்குக் கூழும் கொழுக்கட்டையும் உரிய நாள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்நாளைக் குறித்துப் பாடிய சிறுவர் பாடல் தலைமுறைகளாக எம் பிள்ளைகளின் நாவில் வழங்கி வருகிறது. சீனத்திலும், டிசம்பர் மாதத்துச் சூரியத் திருப்ப நாளில், அரிசிமா உருண்டைகளை இனிய நீரில் இட்டு உண்ணும் வழக்கம் உண்டு. மாவுருண்டை மிதக்கும் இன்னுணவு என்ற வகையில் இவ்விரண்டும் உறவுடையனவே.

எமது கூழில், வறுத்த பயறு முதலில் வேகும். பச்சையரிசி மாவின் ஒரு பகுதி பிசைந்து சிறு உருண்டைகளாக இடப்படும். எஞ்சிய மா தேங்காய்ப்பாலுடனும் பனங்கட்டியுடனும் கரைந்து கூழைத் தடிப்பாக்கும். இவற்றுள் ஊட்டத்தின் ஆணிவேர் எது?

பயறும் அரிசியும் சேர்ந்த சேர்க்கையே என்பேன். நூறு கிராம் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் அளவே. அளவினும் இயல்பே முக்கியமானது. அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோவமிலம் பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவாயுள்ள கந்தகஞ்சார் அமினோவமிலங்களை அரிசி ஈடுசெய்கிறது. ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது.

பனங்கட்டியைப் பற்றி அவ்வாறு கூறுதல் இயலாது. அதிற் கனிப்பொருள்கள் சிறிதளவு உண்டு. ஆயின் பெரும்பகுதி சுக்குரோசே. வெள்ளைச் சீனியும் அதுவே. தேங்காய்ப்பாலின் கொழுப்பிலும் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு.

இதனை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. என் அன்னையார் நீரிழிவு நோயாளர். பனங்கட்டி மருந்துக்கு ஒப்பானது, குருதியிற் குளுக்கோசை ஏற்றாது என உறவினர் சிலர் அவருக்குக் கூறுவர். மரபின்மேற் கொண்ட பற்றினால் எழும் இக்கூற்று, அம்மரபைத் தம் கையாற் பேணிவந்தவரையே வருத்தக்கூடும் அன்றோ?

எம் இல்லத்தில் இப்போது பயற்றைக் கூட்டி, பனங்கட்டியையும் பாலையும் குறைத்துக் காய்ச்சுகிறோம். அன்னையாரின் பங்கு ஒரு சிறு கோப்பை. அதற்கு ஈடாக அவ்வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்வார். கூழ் கூழாகவே இருக்கிறது. பொய்ப்புகழ் ஏற்றினாற்றான் மரபு வாழும் என்பதில்லை. அடுப்பருகே நின்று, பதம் சரியா எனச் சொல்லும் உரிமை இன்றும் அவருக்கே உரியது.