காலால் பார்த்த கிரகணம்

உப்பளத்துக்கு அடுப்பு வெயில்தான். உப்புச் செறிவு 3 டிகிரியில் ஏறுகிற கடல்நீரைத் தெப்பம் என்கிற தேக்கங்களில் அடுத்தடுத்துக் காயவிட்டு, செறிவு 25 டிகிரியை நெருங்கியதும் பாத்தியில் பாய்ச்சுகிறோம். அதன் பிறகே உப்பு பூக்கும். அந்த அடுப்பு நடுப்பகலில் தணிந்ததை மாரியூர் உப்பளத்தில் ஒருமுறை பார்த்தேன்.

2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்து வந்த நாள். மழை முடிந்து பாத்தி மிதிக்கிற பருவம்தான். அன்று அளத்தில் ஆளில்லை. கடலாடப் போனவர்கள் கரையில், மற்றவர்கள் வீட்டுக்குள். நான் வரப்பில் இருந்தேன்.

காலை 11 மணிக்கு மேல் தொடங்கிய சூரிய கிரகணம், பிற்பகல் 1.15 தாண்டி வளையமானது. இராமேஸ்வரம் பக்கம் பத்து நிமிடம் நீடித்த வளையம் அது. வானத்தை நான் பார்க்கவில்லை. உடைமரத்தடியில் இலைச் சந்துகள் வழியே விழுந்த வெளிச்சமெல்லாம் குட்டி வளையங்களாகக் கிடந்தது.

சூரியனில் சுமார் 84 சதவீதம் மறைந்தும் இருட்டவில்லை. வெளிச்சம் சாயம் போனதுபோல் வெளிறியது, அவ்வளவுதான். வித்தியாசத்தைச் சொன்னது பாதம். உச்சிவேளையில் சுடுகிற வரப்பு மணல் குளிர்ந்துவிட்டது. தெப்பத்தில் இறங்கினேன், தண்ணீர் வெதுவெதுப்பு மாறாமல் இருந்தது.

காய்ந்த மணலின் இடுக்கெல்லாம் காற்று. சூடு ஆழத்துக்கு இறங்காமல் மேல்தோலிலேயே தங்கும். வெயில் தணிந்ததும் வானத்துக்குப் போய்விடும். தண்ணீரோ சூட்டை ஆழம் முழுக்க வாங்கி வைக்கிறது, மெல்லத்தான் விடுகிறது. 2006 மார்ச் 29-இல் லிபியாவின் சகாராவில் முழுக் கிரகணம் விழுந்தது. அப்படிப்பட்ட பாலைவனத்தில் மணலும் காய்ந்தது, காற்றும் காய்ந்தது. போகிற சூட்டை மறிக்க ஈரப்பதம் இல்லை. அதனால்தான் கிரகணக் குளிர்ச்சி அங்கே கூடுதல். நம் கரையில் கடலும் ஈரக்காற்றும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. தரைக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் கடற்காற்றை இழுக்கிறது. தரை குளிர்ந்தால் அந்த இழுப்பும் தளரும். 1900 மே 28 கிரகணத்தின் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஹெல்ம் கிளேட்டன், நிழலின் குளிர்ச்சி தனக்கென்று ஒரு காற்றுச் சுழற்சியையே உண்டாக்கும் என்று வாதிட்டார்.

வளையம் உடைந்து வெளிச்சம் ஏறத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் வரப்பு குளிர்ந்துகொண்டே போனது. வருகிற சூட்டைவிடப் போகிற சூடு அதிகமாக இருக்கும்வரை தரை குளிரத்தான் செய்யும். தினமும் இதே கணக்குத்தான்: சூரியன் உச்சிக்கு வருவது 12 மணியை ஒட்டி, காற்று மிகவும் சூடாவது 2 மணி வாக்கில்.

இந்தத் தொழிலில் அண்ணாந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதை அன்று என் கால் கற்றுக்கொண்டது. ஒரு மேகம் மறைத்ததும் பாத்தி ஓய்ந்துவிடாது. காலையிலிருந்து வாங்கிய வெயில் அதற்குள் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு டிகிரி பார்க்கச் சொல்லித்தரும் முன், ஒரு காலை வரப்பிலும் ஒரு காலைத் தெப்பத்திலும் வைத்து நிற்கச் சொல்கிறேன்.