மூன்றரை வட்டி

இந்த முறை கொஞ்சம் வீட்டு விஷயம். பேரனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

2023-ல் ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. எடுத்தால் கன்னடத்தில் ஒருவர் அதட்டலாகப் பேசினார். மத்திகிரியில் கன்னடமும் தெலுங்கும் புரியாதவர்கள் குறைவு. என் பேரன் பெயரைச் சொல்லி, "கார்டு பணம் மூணு மாசமா கட்டல. நீங்க யாரு அவனுக்கு?" என்றார். விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

பையன் அப்போது பெங்களூரில் பொறியியல் கடைசி வருடம். ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனபோது உதவித்தொகை வந்தது. அதைக் காட்டியதும் ஒரு வங்கி கிரெடிட் கார்டு கொடுத்துவிட்டது. பயிற்சி முடிந்தது, உதவித்தொகை நின்றது, கார்டு மட்டும் பையிலேயே இருந்தது. முதலில் ஒரு கைப்பேசி, பிறகு நண்பர்களோடு கோவா, கடைசியில் விடுதிக் கட்டணத்துக்காக ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டைப் போட்டு 6,000 ரூபாய் ரொக்கம்.

சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே நான் கத்திவிட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை என்று முகமே சொன்னது. என் மனைவி குறுக்கிட்டாள்: "ஏங்க, உங்க கதையையும் அவன்கிட்ட சொல்லிட்டுத் திட்டுங்க."

அந்தக் கதை இதுதான். 1979-ல் ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த காலம். நான் இளநிலை எழுத்தர். தங்கை கல்யாணத்துக்காக ஒருவரிடம் 500 ரூபாய், ஐந்து வட்டிக்கு வாங்கினேன். சம்பள நாளில் அவர் ஆபீஸ் வாசலில் நிற்பார். மாதம் 25 ரூபாய் கொடுத்துவிட்டு, பிழைத்தோம் என்று வீட்டுக்கு வருவேன். இரண்டு வருடத்தில் 600 ரூபாய் கொடுத்திருந்தேன். அசல் 500 அப்படியே நின்றது. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்த பிறகுதான் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் போட்டு அடைத்தேன். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கூட்டுவட்டிக் கணக்கை அந்த மொழியில் போட்டு நல்ல மார்க் வாங்கியவன். என்ன பயன்? கை நீட்டும்போது கணக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை.

இதைச் சொன்னதும் பையன் அழுதுவிட்டான். பிறகு கார்டு கணக்கு விவரத்தைக் காட்டினான். இரண்டு பேரும் காகிதம், பேனாவோடு உட்கார்ந்தோம்.

பாக்கி 48,000 ரூபாய். வட்டி மாதம் 3.5 சதவீதம். நம் பாஷையில் மூன்றரை வட்டி. வருடத்துக்கு 42 ரூபாய். ஊரில் ஒருவர் மூன்று வட்டி கேட்டால் "அநியாயம்" என்கிறோம். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்தது. இங்கே பளபளப்பான அட்டையில் அதே வட்டி.

"குறைந்தபட்சத் தொகை கட்டிக்கிட்டுதானே இருந்தேன் தாத்தா" என்றான். அந்தத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 2,400 ரூபாய். அதில் வட்டி 1,680. வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 302. ஆக 2,400 கட்டினால் அசலில் கழிவது 418 ரூபாய்தான். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு.

இதற்கிடையே வசூல்காரர், "முப்பதாயிரம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் பேரம் பேசி முடித்தால் சிபில் அறிக்கையில் முழுதாக அடைத்ததாக வராது. 'செட்டில்டு' என்று பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். வேண்டாம் என்றேன்.

என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கூட்டுறவு வங்கியில் ஒரு வட்டிக்கும் குறைவாக நகைக்கடன் கிடைத்தது. கார்டு பாக்கியை முழுதாகக் கட்டி, கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்கினோம். மூடக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் வருட விதி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது, வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் விதிதான். மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு ரூபாய்கூட நான் கொடுக்கவில்லை. பையன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, மாதம் 4,000 ரூபாய் வீதம் அவனே அடைத்தான். பதின்மூன்றாவது மாதம் சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்து பாட்டி கையில் கொடுத்தான். அவள் உடனே போட்டுக்கொள்ளவில்லை. "நீயே போட்டு விடுடா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் வெளியூரில் படிக்கும் பிள்ளை இருந்தால், கார்டு இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் பழைய கடன் கதை ஒன்றைச் சொல்லுங்கள். நம் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.