பழைய யப்பானைத் தேடி

யப்பானுக்குச் செல்வோர் தோக்கியோவின் வானளாவும் மாளிகைகளையும் கடுகதிப் புகையிரதங்களையும் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். எங்கள் குழுவினர் 18 பேரும் பழைய யப்பானையே பார்ப்பது என்ற பிடிவாதத்துடன் புறப்பட்டவர்கள். ஆதலின், 794ஆம் ஆண்டு தொடக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராக விளங்கிய கியோத்தோவிலே எங்கள் பயணம் ஆரம்பமாயிற்று. வழிகாட்டி அம்மையார் சிறு கொடியொன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடக்க, கோழியைத் தொடரும் குஞ்சுகள் போல நாங்கள் பின்னே சென்றோம். இவ்வாறு கூட்டமாக ஊர் பார்ப்பதை இகழ்வோர் உண்டு. யப்பானில் இது நேற்று வந்த பழக்கமன்று. அதைப் பின்னர் கூறுவேன்.

முதலிற் கண்டது சஞ்சூசங்கென்தோ என்னும் மண்டபம். தூண்களுக்கிடையே 33 இடைவெளிகள் இருப்பதால் வந்த பெயர் அது. வாயிலிற் சப்பாத்துக்களைக் கழற்றுமாறு கூறினார்கள். எங்களுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை; ஐரோப்பியப் பயணிகள்தாம் நாடாக்களோடு போராடிக்கொண்டிருந்தனர். உள்ளே, ஏறக்குறைய 120 மீற்றர் நீளமான மண்டபத்தில், பொன் பூசிய மரச் சிலைகள் ஆயிரம் அணிவகுத்து நிற்கின்றன. நடுவே வீற்றிருக்கும் பெரிய உருவத்தையும் சேர்த்தால் 1001. எல்லாம் கருணையே வடிவான அவலோகிதேஸ்வரர். அந்நாட்டார் கன்னொன் என்பர். நாம் காண ஏங்கும் ஒருவரின் முகம் இவற்றுள் எங்கேனும் இருக்கும் என்று அங்கே சொல்வதுண்டு. இதைக் கேட்டதும், அண்மையிற் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் எங்களை விட்டுப் பின்தங்கி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வழிகாட்டி கொடியைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். தேடிய முகத்தைக் கண்டாரோ இல்லையோ, அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சிலைகளுக்கு முன்னே 28 காவல் தெய்வங்கள். அவ்விடத்திலே தமிழர் எவரும் தம்மை அந்நியராக உணர முடியாது. இந்திரன் நிற்கிறான், பிரமன் நிற்கிறான், பறவையின் அலகும் சிறகும் கொண்ட கருடன் குழலூதிக்கொண்டிருக்கிறான்! பௌத்தத்தோடு சீனம், கொரியா வழியாக வந்து சேர்ந்த இத்தெய்வங்கள் பெயரையும் உடையையும் சற்றே மாற்றிக்கொண்டன. கருடனின் பெயர் அங்கே கருரா.

1164இல் எழுந்த இம்மண்டபம் 1249இல் எரிந்தது என்றும், காப்பாற்றப்பட்ட சிலைகள் 124 போக ஏனையவை மீண்டும் செதுக்கப்பட்டவை என்றும் வழிகாட்டி கூறினார். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இது பழைய மண்டபம் அல்லவா?" என்றார். "இல்லை ஐயா, இது புதியது, 1266இற் கட்டியது" என்றார் அம்மையார், சிறிதும் சிரிக்காமல்.

நாரா நகரிலும் ஆசிரியருக்கு ஆறுதல் கிட்டவில்லை. அங்குள்ள தோதாய்ஜி ஆலயத்தின் மாபெரும் புத்தர் சிலைக்கு 752இல் கண் திறந்தவர் பாரதத்திலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அவர் பிடித்த தூரிகையிலே நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தோர் அவற்றைப் பற்றிக்கொண்டு புண்ணியத்திற் பங்கு பெற்றார்களாம். ஆனால் மண்டபம் 1180இலும் 1567இலும் போர்த்தீயில் அழிந்தது. இன்றுள்ளது 1709இல் நிறைவுற்றது. பழையதிலும் அகலம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியிருந்தும் அதன் முன்னே நிற்கும்போது கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியே தலை வணங்கிப் பிஸ்கற்று வாங்கும் மான்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்; நான் விட்டுவிடுகிறேன்.

ஆசிரியரைச் சிந்திக்க வைத்தது யகுஷிஜி ஆலயம். அங்கே இரு கோபுரங்கள். கிழக்கிலுள்ளது எட்டாம் நூற்றாண்டுக்குரியது. மேற்கிலிருந்தது 1528இல் எரிந்து, 1981இலேயே மீண்டும் எழுந்தது. அதைக் கட்டிய தச்சர் நிஷியோகா சுனேக்கசு, புதிய கோபுரத்தைப் பழையதிலும் சற்று உயரமாகவே அமைத்தார். பாரத்தினால் மரம் மெல்ல மெல்ல அமுங்கும்; நூற்றாண்டுகள் சென்றபின் இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும் என்பது அவர் கணக்கு. 1995இல் அவர் காலமானார். ஆசிரியர் இரு கோபுரங்களையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இறுதியாக, கிழக்கே கடலோரத்திலுள்ள இசே. சூரியதேவியான அமத்தெராசுவின் திருக்கோயில் அங்கே இருக்கிறது. தொக்குகாவா ஆட்சிக் காலத்திலே குடியானவர் நினைத்தபடி ஊர்விட்டு ஊர் செல்ல இயலாது. இசே யாத்திரைக்கு மட்டும் எளிதில் அனுமதி கிடைக்கும். கிராமத்தவர் 'கோ' என்னும் சங்கம் அமைத்துப் பணம் சேர்த்தனர். சீட்டு விழுந்தவர்கள் ஊர் சார்பிற் கூட்டமாகச் சென்று, எல்லாருக்கும் காப்புச் சீட்டும் அன்பளிப்பும் கொண்டுவந்தனர். நம் ஊர்ச் சீட்டுக் கட்டும் தாய்மார் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

இக்கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை, அருகேயுள்ள வெற்று நிலத்தில், அதே அளவில், அதே வகை மரத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். 690இல் தொடங்கிய வழக்கம் இது. உள்நாட்டுப் போர்களால் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டதும் உண்டு. 62ஆவது முறை 2013இல் நிறைவேறியது, அடுத்தது 2033இல். இருபது வயதில் மரம் சுமந்து உதவிய இளைஞன் நாற்பதிலே தச்சனாகவும் அறுபதிலே ஆசானாகவும் நிற்கலாம். 200 ஆண்டில் முதிரும் மரங்களுக்கென 1923இலேயே காடு வளர்க்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

இத்தனை தூரம் சென்றும், உயர்ந்த வேலிக்கு அப்பால் கூரையின் ஒரு பகுதியே எங்கள் கண்ணுக்குப் பட்டது. சிலருக்கு ஏமாற்றந்தான். ஆசிரியரோ திரும்பும் வழியில் உஜி பாலத்தின் தோரணத் தூண்களை நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றார். முன்னர் கோயில் முகட்டைத் தாங்கிய தூண்கள் அவை. இங்கே 20 ஆண்டு நின்றபின், பழைய யாத்திரைப் பாதையிலுள்ள குவானாவிலும் செக்கியிலும் மீண்டும் தோரணங்களாக நாட்டப்படும் என்றார் வழிகாட்டி. பஸ் காத்திருந்தது, கொடி உயர்ந்தது.