கிளிஞ்சல் தண்ணீர்

சாயவேரில் சிவப்பு ஏறவில்லையா? தண்ணீரை மாற்று. மாற்ற வழியில்லை என்றால் கிளிஞ்சலைப் பொடித்துச் சாயத்தில் ஒரு சிட்டிகை போடு. இயற்கைச் சாயம் போடுகிறவர்கள் இன்று செல்போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பக்குவங்களில் இது ஒன்று. செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கிடக்கும் துணியைப் படமெடுத்து ஒருவர் அனுப்புவார். எங்கோ இருக்கும் இன்னொருவர் பதில் போடுவார்: "நல்லாத்தான் வந்திருக்கு. தண்ணிய மட்டும் பாருங்க."

இந்தக் கிளிஞ்சல் பக்குவத்தை எனக்குச் சொன்னவரிடம் "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். அவருக்கு ஒருவர், அந்த ஒருவருக்கு வேறொருவர் என்று போய், நாலாவது ஆளிடம் நூல் அறுந்துவிட்டது. பொன்னேரிக்காரியான எனக்குக் கிளிஞ்சல் என்றால் பழவேற்காடுதான். ஏரியின் அடியில் படுகை படுகையாகக் கிடக்கிறது, சுண்ணாம்புக்கு அள்ளியிருக்கிறார்கள். துணிக்கும் சாயத்துக்கும் ஒரு காலத்தில் உலகம் அறிந்த ஊரும் அதுதான். அங்கிருந்தே பின்னால் போய்ப் பார்ப்போம் என்று பஸ் ஏறினேன்.

இன்றைய பழவேற்காட்டில் இறால், நண்டு, மடவை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்ற 'பாடு' முறையை விளக்கப் படகுத்துறையில் ஆள் இருக்கிறார்கள். சாயம் என்றால் கையை விரிக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை முள்மேடாகிவிட்டது. மிச்சம் இருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கல்வெட்டெல்லாம் டச்சுக் கம்பெனி ஆட்களின் பேர், பட்டம், வயது. இவர்கள் வாங்கி அனுப்பிய துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

ஆகவே காகிதங்களைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. டச்சுக்காரர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1516 வாக்கில், துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுக்கீசியர் பழவேற்காட்டின் வண்ணத் துணிகளுக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் நல்ல விலை என்று எழுதிவைத்திருக்கிறார். டச்சுக்காரர்கள் வந்தபின் மாதிரித் துணிகள் கப்பலில் வர ஆரம்பித்தன. கோடு இப்படி இருக்கட்டும், நிறம் இப்படி இருக்கட்டும் என்று மேலிடத்து உத்தரவு. மாதிரிக்கு ஒத்துவராத துணி தள்ளுபடி. உத்தரவும் குறையுமாக எத்தனையோ கட்டுக் கடிதங்கள். "இந்த முறை நன்றாக வந்திருக்கிறது, உங்கள் சாயக்காரரிடம் சொல்லுங்கள்" என்ற வகை வரி என் கண்ணில் படவே இல்லை. வியாபாரி அப்படித்தான் எழுதுவான், அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

பழவேற்காட்டுக் கட்டத்துணிகள் கடல் தாண்டிப் போன கதை தனிக் கதை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்துத் தறிகளில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'புலிகேட்' என்றே பேர் வைத்துக் கைக்குட்டை நெய்தார்கள். பழவேற்காட்டின் ஆங்கிலப் பேர் அங்கே சரக்கின் பேராகிவிட்டது! சென்னைக் கைக்குட்டை என்று பின்னாளில் பேரெடுத்த கட்டத்துணி நைஜீரியாவின் கலாபரி மக்களிடம் 'இஞ்சிரி' ஆயிற்று. அவர்களும் கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அந்தப் பெண்கள் கட்டத்துணியில் சில நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, புதுக் கோலம் வரவைப்பார்கள். நெய்தவர் சொல்லித்தராத வேலை அது.

பக்குவம் எழுத்தில் ஏறியது துணி வாங்கியவர்களால் என்றுதான் நினைத்திருந்தேன். ஓரளவுக்கு உண்மை. டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த டேனியல் ஹவார்ட் 1693-ல் வெளியிட்ட சோழமண்டலப் புத்தகத்தில் பாலகொல்லு என்ற ஊரின் துணி ஓவியர்களைப் பார்த்து அசந்துபோகிறார். வேலை நகர்வதே தெரியவில்லை, பொறுமைக்கு உருவம் கொடுக்க அவர்களில் ஒருவரை வரைந்தால் போதும் என்கிற மாதிரி எழுதுகிறார். பாராட்டுதான், ஆனால் ஐரோப்பிய வாசகரைப் பார்த்துச் சொல்லும் பாராட்டு. 1734-ல் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இன்னும் கெட்டிக்காரத்தனமாக, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்துவிட்டார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்றும் இருக்கின்றன.

நான் தேடிய ஆள் கூர்தூ பாதிரியார். சேசு சபைக்காரர், 1732-ல் இந்தியா வந்தவர், சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டு என்று பின்னாளில் எழுதியதற்காக மொழியியலார் நினைவில் வைத்திருக்கும் அதே கூர்தூ. 1742 ஜனவரி 18-ஆம் தேதி போட்ட நீண்ட கடிதத்தில் சாயப் பக்குவத்தை முழுக்க எழுதுகிறார். கடுக்காயை அரைத்து எருமைப்பாலில் கலக்குவது, துணியை அதில் ஊறவைத்துக் காயவைப்பது, கட்டையால் அடித்து மழமழப்பாக்குவது, படிகாரம் தடவிச் சாயவேரில் கொதிக்கவிடுவது, ஆட்டுப்புழுக்கைத் தண்ணீரில் வெளுப்பது. ஒரு படியையும் விடவில்லை. பிரான்ஸில் இந்திய வண்ணத் துணிக்குத் தடை இருந்த காலம் அது. 1686-ல் வந்த தடை 1759-ல்தான் விலகியது. துணிக்குத்தான் தடை, பக்குவம் கடிதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

தண்ணீர் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. எல்லாத் தண்ணீரும் சாயவேருக்கு ஆகாது, ஒருவகைக் கரகரப்பான தண்ணீர் வேண்டும், நிறத்தின் அழகும் உறுதியும் அதில்தான் என்று இங்கே சொல்கிறார்கள் என எழுதுகிறார். படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். செல்போனில் எனக்கு வந்த அதே புத்திமதி! புத்திமதியின் மறுபாதியான கிளிஞ்சலுக்கு விடை மண்ணில் இருக்கிறது. நாட்டு மருத்துவர்கள் இரத்தவாந்திக்குத் தரும் இம்பூறல்தான் சாயவேர். கடற்கரை மணலில், சிப்பி நொறுங்கிக் கலந்த நிலத்தில் விளைந்த வேருக்கு மதிப்பு அதிகம். வேரில் இருக்கும் அலிசரின், படிகாரத்தின் அலுமினியத்தோடு கால்சியமும் சேர்ந்தால்தான் நல்ல சிவப்பாகப் பிடிக்கும். சிப்பி மண்ணிலிருந்தோ உவர் கிணற்றிலிருந்தோ கால்சியம் வந்தாகவேண்டும். கால்சியம் இல்லாத தண்ணீரில் சாயம் போடும் இன்றைய ஆள் அதைக் கிளிஞ்சலாகச் சேர்க்கிறார்.

சரி, கூர்தூவுக்கு யார் சொன்னது? தாம் அண்மையில் ஞானஸ்நானம் கொடுத்த சாயத் தொழிலாளர்களிடம் கேட்டதாகச் சொல்கிறார். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பாமல் தனித்தனியாக விசாரித்திருக்கிறார். நல்ல துப்பறிவாளர். அவர்கள் ஏன் மறைக்கவில்லை என்று அடிக்கடி யோசிக்கிறேன். பாதிரியாருக்குக் கட்டுப்பட்டுச் சொன்னார்கள் என்று தள்ளிவிடலாம். எனக்கு அது போதவில்லை. வேலை தெரிந்தவனிடம் அக்கறையாக ஒருவர் உட்கார்ந்து கேட்டால் அவனால் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீர் பற்றிய அந்த நுணுக்கம் மிரட்டி வாங்கிய பதில் மாதிரி இல்லை. கடிதம் கிளப்பிய பேச்சும் அப்படித்தான். பியர் புவாவ்ர் என்ற பயணி இதைப் படித்துத் தன் பங்குக்குக் குறிப்பு சேர்க்க, அதையும் வைத்துக் கூர்தூ 1747-ல் மறு கடிதம் எழுதினார். சொல்லிக்கொடுத்த சாயக்காரர்களின் பேர் மட்டும் இதில் எங்கேயும் வரவில்லை.

பழவேற்காட்டில் இன்று சாயப் பானையைப் பார்க்கவேண்டுமென்றால் பனையோலை முடையும் பெண்களின் வீட்டுக்குப் போகவேண்டும். முஸ்லிம் பெண்கள் பலர் இதில் கைதேர்ந்தவர்கள். நான் போன வீட்டுப் பெரியம்மாவிடம் குப்பத்துப் பெண்ணொருத்தி முடைய வந்துகொண்டிருந்தாள். அவள் பெட்டியின் விளிம்பு கோணியிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரிக்கப் போனாள்.

"பிரிக்காத, வை. என் மொதப் பொட்டிய எங்கம்மா அடுப்புல போட்டுட்டாங்க. ஒனக்கு மூடியாவது உக்காருதே."

பிறகு சாயத்துக்குப் போனார். "தண்ணி தளதளன்னு கொதிக்கணும், அப்பதான் ஓலைய போடணும். வெதுவெதுன்னு இருக்கறப்ப போட்டியானா சாயம் மேலாவே நிக்கும், கையெல்லாம் ஒட்டும்."

"எவ்ளோ நேரம் பெரிம்மா?"

"நேரமெல்லாம் பாக்காத. தூக்கிப் பாரு, நரம்புல ஏறிடுச்சான்னு."

அவள் செல்போனை நீட்டி, லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கும் அக்காவுக்காக மறுபடி சொல்லச் சொன்னாள். பெரியம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"எம் பேரச் சொல்லியே அனுப்பு. இல்லாட்டி ஒங்கக்கா தானா கண்டுபுடிச்சேன்னு சொல்லிட்டுத் திரிவா."