செஞ்சி ஏரியில் கொக்கின் வாயில் என்ன மீன்?

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டையாயிற்றே! ஆனால், கொக்கு மீன் பிடிப்பதைப் படமெடுக்க வருகிறவருக்கு மலையில் வேலை இல்லை. அவர் போக வேண்டியது சுற்று வட்டார ஏரிகளின் கரைக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரி, மாசி, பங்குனியில் உள்வாங்கும். மிச்சத் தண்ணீர் பள்ளங்களில் நிற்க, மீன்களும் அங்கேதான் ஒதுங்கும். கொக்குக்கு அது பந்தி. கேமராக்காரருக்கும் அதுதான் பருவம்.

ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு விதமாக வேட்டையாடும். மடையான் கழுத்தை உள்ளிழுத்து, காய்ந்த கட்டை போல மடையோரம் நிற்கும். பறந்தால்தான் வெள்ளை இறக்கை தெரியும். கருங்கால், மஞ்சள் பாதம் கொண்ட சின்ன வெள்ளைக் கொக்கு, ஒரு காலால் சேற்றைக் கிளறி, மிரண்டு ஓடும் மீனைக் கொத்தும். சங்குவளை நாரைக்கு மீன் கண்ணில் படவே தேவையில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கல் நீரில் துழாவும். மீன் உரசியதும் பட்டென்று மூடிக்கொள்ளும். நத்தைகுத்தி நாரை, பெயருக்கேற்ப நத்தையைத்தான் தேடும். வயல்காரருக்கு அதனால் லாபமே.

தண்ணீரில் நட்ட குச்சி வளைந்து தெரிவதுபோல, மீனும் இருக்கும் ஆழத்தில் தெரியாது. சற்று மேலே தெரியும். கொக்கு அதையும் கணக்குப் போட்டுத்தான் கொத்துகிறது. அந்தக் கொத்து கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு நொடியில் 2,000-ல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும்படி கேமராவை வைத்தால்தான், சிதறும் நீர்த்துளியும் படத்தில் நிற்கும். செல்போனில் எடுத்தால் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். வெயில் ஏறுமுன், சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, கரைச் சரிவில் தாழ உட்கார வேண்டும். நல்ல படத்துக்காகப் பறவையைக் கல்லெறிந்து கிளப்புவதும், நாற்றங்காலை மிதித்துக் குறுக்கே போவதும் அநியாயம்.

இப்படி எடுத்த படங்கள் அழகுக்கு மட்டுமல்ல, ஒரு வழக்குக்கும் உதவும். ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கொக்கு என்றாலே ஆகாது. வெடி போட்டு விரட்டுவார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், சின்னக் கொக்கின் அலகில் இருப்பது விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன், தவளைக்குஞ்சு, தண்ணீர்ப்பூச்சி. பெரிய மீனை அதனால் விழுங்க முடியாது. சாம்பல் நாரையும் நீர்க்காகமும் அப்படியல்ல. அவற்றின் அலகில் கெண்டைக் குஞ்சு இருந்தால் குத்தகைக்காரர் கோபத்தில் நியாயம் உண்டு. அதற்கு வழி வெடி அல்ல. ஓரங்குல, ஈரங்குலக் குஞ்சாக விடாமல், 4 அங்குலம் வளர்ந்த விரலிகளாக வாங்கி விடுவது. விலை கூடுதல்தான், ஆனால் தப்பிப் பிழைப்பது அதிகம்.

கண்ணி வைத்துக் கொக்கு பிடிப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குருணை மருந்து போட்ட வயலில் பூச்சி பொறுக்கும் கொக்குக்கோ கண்ணியே வேண்டாம். சாவதற்கு அந்த மருந்தே போதும்.

சித்திரையில் பள்ளமும் காய்ந்ததும் பறவைகள் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு செஞ்சியில் கொக்கைத் தேடுகிறவர், கிணற்றுப் பாசனத்தில் சேற்றுழவு ஓடும் வயலுக்குப் போகலாம். டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து வரும்.